புழுவுக்குச் சோறு போட்ட குற்றம்

முகமூடிக்காரன் பெரிய துரையைப் பார்த்துத் தலையாட்டிய அன்றுதான் எங்கள் தோட்டத்து விசுவாசக் குழு விஞ்ஞானத்தை நம்பத் தொடங்கியது.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் கொண்டுவந்து மூன்றாவது வருஷம். கோலசிலாங்கூருக்கு வடக்கே, சதுப்பும் ரப்பரும் முட்டிக்கொள்ளும் இடத்தில் எங்கள் ரெட்டைப் புகைப்போக்கித் தோட்டம். இங்கிலீஷில் அதற்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் வாளியில் ரப்பர் பால் உறைந்துவிடும் என்பதால் யாரும் சொல்வதில்லை. சிதறிக் கிடந்த எங்கள் வரிசை வீடுகளை, லயங்களை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து நெருக்கி, சுற்றி எட்டடி உயரத்தில் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடக் கூடாதாம்.

யார் கொடுக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க விசுவாசக் குழு ஒரு முறை வைத்திருந்தது. காட்டிலிருந்து சரணடைந்த ஒருவனின் தலையில் கோணிப்பையைக் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, லோரியில் கொண்டுவந்து பெரட்டுக்களத்தில் உட்கார வைப்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் அதே களம்தான். நாங்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். பை ஆடினால் லோரியில் ஏற வேண்டியதுதான். அன்று நல்ல வெயில். அவன் தூங்கி விழுந்தானோ, மூக்கில் ஈ உட்கார்ந்ததோ தெரியாது. பதினோரு பேருக்கு ஆட்டினான். பன்னிரண்டாவதாகக் குறுக்கே நடந்துபோன தோட்ட மேனேஜர் பெரிய துரைக்கும் ஆட்டினான். பதினோரு பேரும் லோரியில் போனார்கள். பெரிய துரை விஷயத்தில் மட்டும் முறையில் கோளாறு இருப்பதாகக் குழு கண்டறிந்தது.

நான் சோமு. அப்போது தோட்டத்து ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. ரத்தம் பார்க்கும் கண்ணாடிச் சில்லுகளைக் கழுவித் துடைத்து அடுக்குவேன். அதனால் இந்தப் பாவத்தில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எல்லாச் சில்லும் பளபளவென்று இருந்தன.

இருசப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர். எந்த வம்புதும்புக்கும் போகாதவர். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மரம் வெட்டி முடித்த கையோடு மனைவி நவமணியை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

“டிரஸரையா, இவ அடுப்பு மண்ணப் பிட்டுத் திங்கிறா. ஏன்டீன்னு கேட்டா வாய்க்கு ருசியா இருக்குங்கிறா. நாலு மரம் வெட்டுறதுக்குள்ள மூச்சு வாங்கி ஒக்காந்துடுறா.”

“நாலா? இருவது மரம் வெட்டிட்டுத்தான் ஒக்காந்தேன்,” என்றாள் நவமணி. மண் தின்றதை மறுக்கவில்லை. மரக் கணக்கைத்தான் மறுத்தாள்.

டிரஸர் சிவானந்தம் எங்களுக்கு டாக்டர் மாதிரி. அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. கால் விரல் இடுக்கைப் பார்த்தார். ஒரே புண். மலத்தையும் ரத்தத்தையும் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: “கொக்கிப்புழு. மண்ணுல இருக்கும். வெறுங்கால்ல மிதிச்சா வெறல் இடுக்குல பூந்து, கொடல்ல போயி கடிச்சுப் புடிச்சுக்கிட்டு ரத்தம் குடிக்கும். இவளுக்கு ரொம்ப முத்திப் போச்சு.”

“பொழைச்சுக்குவாளா ஐயா?”

“பொழைக்காம என்னா லா? புழு மருந்து ஒரு வேளை. அப்புறம் ரெண்டு மாசம் இரும்பு மருந்து. வெள்ளிக்கிழமை லோரியில மருந்து வருது. வெறும் வயித்தோட கூட்டிட்டு வா.”

அவ்வளவுதான் விஷயம். ஒரு வேளை மருந்து. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிராக்கம்பிரி துரை உள்ளே வந்தார். மாவட்ட அதிகாரி, விசுவாசக் குழுவின் தலைவர். மருந்துப் புட்டிகள் காட்டுக்குப் போகின்றனவா என்று எண்ணிப் பார்க்க வாரம் ஒரு தடவை வருவார். எண்ணி முடித்துவிட்டு, மேசையில் இருந்த உருப்பெருக்கியில் ஒரு கண்ணை வைத்தார். அதில் நவமணியின் ரத்தம் இருந்தது. அவர்கள் இங்கிலீஷில் பேசியது, எனக்குப் புரிந்த வரைக்கும், இதுதான்.

“சிவப்பாகப் பொடி தூவியதுபோல் இருக்கிறதே, அவை எவை?”

“இயோசினோபில், சார். ரத்தத்தில் உள்ள காவல் அணுக்களில் ஒரு வகை. நூற்றுக்கு மூன்றோ நான்கோ இருக்கும். உடம்புக்குள் புழு புகுந்தால் பெருகிவிடும். இந்த அம்மாளுக்கு முப்பத்தெட்டு.”

“அந்நியன் நுழைந்தால் காவலர் கூடுகிறார்கள். அப்படித்தானே?”

“அப்படியும் சொல்லலாம், சார்.”

அப்படியும் சொல்லலாம் என்று சொன்ன வாயைச் சிவானந்தம் சாகும் வரைக்கும் திட்டிக்கொண்டிருந்தார்.

“கூடி என்ன செய்கின்றன? பிடித்து விழுங்குமா?”

“புழு பெரியது, சார். விழுங்க முடியாது. கூட்டமாகப் போய்ச் சுற்றி நிற்கும். அதற்குமேல் யாருக்கும் சரியாகத் தெரியாது.”

“என் மாவட்டத்திலும் அப்படியேதான்,” என்றார் துரை, பெருமையாக.

இப்போது படித்தவர்கள் அதற்குமேலும் சொல்கிறார்கள். இந்த அணுக்கள் புழுவின் மேல் ஒட்டிக்கொண்டு தங்களிடம் உள்ள சிவப்புப் பொடியை அதன் மேல் கொட்டுமாம். பொடி கடும் விஷம். புழுவுக்குத் தோல் கெட்டி, பல நேரம் அது அசைந்து கொடுப்பதில்லை. பக்கத்தில் சிந்துகிற விஷம் சொந்தச் சதையை அரித்துவிடுமாம். பிறகு அந்த அணுக்கள் செத்துப்போக, அடுத்த கூட்டம் வருமாம். இது அன்றைக்கே தெரிந்திருந்தால் பிராக்கம்பிரி துரை அந்த அணுவுக்கு ஒரு பதக்கம் குத்தியிருப்பார்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் துரை பேசினார். பெரிய கிராணி தங்கராஜு மொழிபெயர்த்தார். ஆபீசில் கணக்கு எழுதும் மனிதர்தான். துரை பக்கத்தில் நின்றால் அவருக்குச் செந்தமிழ் பொங்கும்.

“தொழிலாளத் தோழர்களே! பொய் சொல்லும் வாயை இனி நாம் விசாரிக்கப் போவதில்லை. பொய் சொல்லாத இரத்தத்தை விசாரிப்போம். அமைதியான ஊரில் காவலருக்கு என்ன வேலை? காவலர் கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே பகைவன் இருக்கிறான். இது என் சொந்த அனுபவம். எந்தக் கிராமத்தில் நான் காவலரைக் குவித்தேனோ, அங்கெல்லாம் பகைவர் பெருகியதைக் கண்ணால் கண்டேன். குவிப்பதற்கு முன்னால் அங்கே அவ்வளவு பேர் இருந்ததே இல்லை!”

கைதட்டச் சொன்னார்கள். தட்டினோம்.

விதி எளிமையானது. காவல் அணு நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் விசுவாசி. ஐந்துக்கு மேல் போனால், உடலுக்குள் அந்நியருக்கு இடமும் உணவும் கொடுத்தவர். டிரஸர் எழுந்து, “சார், இது வியாதி,” என்றார். துரையும் ஒப்புக்கொண்டார். கம்யூனிசமும் வியாதிதான் என்றார்.

இரண்டு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தோம். வெறுங்காலோடு மண்ணை மிதித்து மரம் வெட்டுகிற ஜனம். இருநூற்று ஆறு பேர் அந்நியருக்கு இடம் கொடுத்திருந்தார்கள். விசுவாசிகள் ஆறு பேர். பெரிய துரை, சின்ன துரை, பெரிய கிராணி, டிரஸர், நான், ஆள்களை மேய்த்து வேலை வாங்கும் மண்டோர் உடையப்பன். ஆறு பேரும் காலில் சப்பாத்து போடுகிறவர்கள்.

உடையப்பனைப் பற்றித் தோட்டத்தில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். சைக்கிள் டயருக்குள் அரிசியைத் திணித்து வாரம் இரண்டு தடவை காட்டோரம் கொண்டுபோய் விற்கிறவர் அவர்தான். அதில் வந்த லாபத்தில்தான் அந்தத் தோல் சப்பாத்தையே வாங்கினார். அவருடைய எண் இரண்டு. தோட்டத்திலேயே அதுதான் குறைவு. குழு அவரைப் பாராட்டி, காலியாக இருந்த உறுப்பினர் நாற்காலியில் உட்கார வைத்தது.

நியாயம் எல்லாருக்கும் ஒன்று என்று காட்டுவதற்காக, வேலியைக் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்கும் ரத்தம் பார்த்தார்கள். சுங்கை புரோங் பக்கத்து மலாய் இளவட்டங்கள், வயலில் சேறு மிதித்து வளர்ந்தவர்கள். இருபத்து நாலு பேருமே தேறவில்லை. வேலியைக் காவலில்லாமல் விட முடியாது. அதனால் துப்பாக்கியை அவர்களிடமே விட்டுவிட்டுத் தோட்டாவை மட்டும் வாங்கிப் பெட்டியில் பூட்டினார்கள். சாவி உடையப்பனிடம்.

வெள்ளிக்கிழமை மருந்து வந்தது. நவமணி வெறும் வயிற்றோடு விடிந்ததிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தாள். லோரி வந்ததும் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். பெரிய கிராணி ஒரு காகிதத்தோடு வந்து புட்டியை வாங்கினார். மூடிக்கு மேல் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். காகிதத்தை டிரஸரே எங்களுக்குப் படித்துச் சொன்னார். குடலில் இருக்கும் புழுக்கள் வழக்கின் சான்றுப் பொருள்கள். விசாரணை முடியுமுன் அவற்றைக் கொல்வது சாட்சியத்தை அழிப்பதாகும்.

“அப்ப நான் சோறு திங்கலாமா?” என்று கேட்டாள் நவமணி.

திங்கள்கிழமை விசாரணை. ஆபீஸ் மேசைக்குப் பின்னால் பிராக்கம்பிரி துரை, பெரிய துரை, உடையப்பன். பக்கத்தில் கிராணி. சான்றாக உருப்பெருக்கியைச் சுமந்துகொண்டு நான் போயிருந்தேன். இருசப்பனும் நவமணியும் நின்றார்கள். கிராணி கேள்விகளைத் தமிழில் கேட்டார்.

“உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் அந்நியர் எத்தனை பேர்?”

“நாங்க ரெண்டு பேருதாங்க.”

“உடலுக்குள்!”

“அது எண்ணிப் பாக்கலீங்களே. ஐயா மருந்து குடுத்தா வெளிய வரும், எண்ணிச் சொல்லிடலாம்,” என்றார் இருசப்பன், உண்மையிலேயே உதவுகிற மாதிரி.

“எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள்?”

“வாசல் இல்லீங்க. கால் வெறல் இடுக்கு.”

“எட்டடி வேலி. இருபத்து நாலு காவலர். வேலியைத் தாண்டி எப்படி வந்தார்கள்?”

“தாண்டவே இல்லீங்க. உள்ளயேதான் இருக்கு. முன்னல்லாம் தூரமா ரப்பர் நெரைக்குள்ள ஒதுங்குவோம். வேலி போட்டதுக்கப்புறம் வெளிய விட மாட்டேங்கிறாங்க. கக்கூசு நாலுதான் இருக்கு, இருநூறு பேரு. அதனால வேலியோரமா ஒக்காருறோம். மறுநாளு அதையே மிதிச்சுக்கிட்டு நடக்கிறோம். வேலி வந்ததுக்கப்புறந்தான் புழு ஜாஸ்திங்க, டிரஸரே சொல்றாரு.”

அவசரகாலம் முழுவதிலும் அந்த மாவட்டத்தில் எவரும் இவ்வளவு தெளிவாக ஓர் உளவுத் தகவல் கொடுத்திருக்க மாட்டார்கள். துரையின் முகம் சிவந்தது. வேலியை அவமதித்த வாசகங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன.

அடுத்துப் பேசியவர் உடையப்பன். புது உறுப்பினருக்கே உரிய ஆர்வம். “எதிரிய மடக்கணும்னா சாப்பாட்ட நிறுத்தணும் துரை. இவுங்க திங்கிற சோத்துல பாதி புழுவுக்குப் போகுது. அரிசிய பாதியாக் கொறைச்சா புழு தானா சரணடையும்.”

காட்டுக்கு அரிசி விற்கிறவர் வாயிலிருந்து இது வந்தது. பெரிய துரை “ஹியர், ஹியர்” என்று ஆமோதித்தார். அன்றைய தினமே தோட்டம் முழுவதற்கும் பங்கீட்டு அரிசி பாதியானது. மிஞ்சிய அரிசியைப் பத்திரப்படுத்தும் பொறுப்பும் உடையப்பனிடம் வந்தது. அவருடைய சைக்கிள் அதற்குப் பிறகு வாரம் ஐந்து தடவை போயிற்று.

வெளியே வரும்போது நவமணி என்னிடம் கேட்டாள். “ஏன் சோமு, அந்தப் புழு ரத்தந்தான குடிக்குதுன்னு டிரஸரு சொன்னாரு? சோறு அதுக்கு ஆகாதுல்ல? அப்ப பட்டினி யாருக்குப் போடுறாங்க?”

நான் உருப்பெருக்கியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தேன். ஆபீஸ் வாசலில் அதற்கெல்லாம் பதில் சொல்கிற தைரியம் எனக்குக் கிடையாது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

டிரஸர் சும்மா இருக்கவில்லை. மனுமேல் மனுவாக எழுதினார். மருந்தைக் கொடுக்காவிட்டால் அந்தப் பெண் தாங்க மாட்டாள் என்று எழுதினார். கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்காவது அனுப்புங்கள் என்றார். சந்தேகத்துக்குரியவர் வேலியைத் தாண்டக் கூடாது என்று பதில் வந்தது. கடைசியாக ஒரு நாள் குழு இரங்கிவந்து விதியைத் திருத்தியது. மருந்து அரசாங்கத்தின் சொத்து. அரசாங்கத்தின் சொத்து விசுவாசிகளுக்கு உரியது. ஆகவே காவல் அணு ஐந்துக்குக் கீழே இறங்கியவர் எவரும் விண்ணப்பித்துப் புழு மருந்து பெற்றுக்கொள்ளலாம்.

புழு இல்லாதவனுக்குப் புழு மருந்து. டிரஸர் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, கெட்ட வார்த்தை பேசினார்.

மூன்றாவது வாரம் நவமணிக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறியது. ரத்தமும் இல்லை, அரை வயிற்றுச் சோறு வேறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தினோம். இருசப்பன் காலையில் மரம் வெட்டிவிட்டு நேரே வந்து அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் கண் திறந்தால், “இன்னிக்கு வெட்டு எத்தன மரம்?” என்று மட்டும் கேட்பாள்.

“ஐயா, இன்னொரு தடவ ரத்தம் பாருங்க. ஒருவேள கொறைஞ்சிருக்கும்,” என்று இருசப்பன் கெஞ்சினார். டிரஸருக்கு விருப்பமில்லை. இருசப்பனின் முகத்துக்காகப் பார்த்தார். நான் புதிதாக ஒரு சில்லைக் கழுவிக் கொடுத்தேன். நூறு அணு எண்ணினார். பிறகு இருநூறு. பிறகு நானூறு. நேரம் ஆக ஆக அவர் தோள் தளர்ந்துகொண்டே வந்தது.

“ஒன்னுகூட இல்ல,” என்றார்.

“பூச்சியமா ஐயா?” இருசப்பன் எழுந்துவிட்டார். “பூச்சியம்னா அஞ்சுக்குக் கீழதான? அப்ப மருந்து குடுத்துடுவாங்கல்ல?”

“இருசப்பா, கேளு. புழு எங்கயும் போகல. ஒடம்பு பெரிய காய்ச்சலோட மல்லுக்கட்டுறப்ப இந்த அணு ரத்தத்துலேருந்து மறைஞ்சு போயிடும். அவளுக்கு இனி...”

இருசப்பன் கேட்டால்தானே. “எழுதிக் குடுங்கய்யா, கையெழுத்துப் போட்டுக் குடுங்க,” என்று காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஆபீசை நோக்கி ஓடினார். நாற்பது வயது மனிதர். அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் ஓடி நான் பார்த்ததில்லை.

குழு மாலை மூன்று மணிக்குக் கூடியது. முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைகளை வாசித்து ஏற்க நேரம் ஆனது. சைபர் என்பதை எண்ணாகக் கொள்ளலாமா என்று பெரிய துரை ஐயம் எழுப்பினார். அதன் பிறகு தேநீர் வந்தது. விண்ணப்பம் ஒருமனதாக ஏற்கப்பட்டது. மருந்து மறுநாள் காலை பெரட்டில், எல்லார் முன்னிலையிலும், மரியாதையோடு வழங்கப்படும் என்று இருசப்பனுக்குச் சொன்னார்கள். இப்போதே கொடுங்கள் என்று அவர் வாசற்படியில் விழுந்து கேட்டார். மரியாதையைக் கெடுத்துக்கொள்ளாதே என்று கிராணி அறிவுரை சொன்னார்.

காலையில் பெரட்டுக்குக் கூப்பிடும் தண்டவாள மணி அடிக்கிற நேரத்தில் நவமணி செத்துப்போனாள். முப்பத்து நாலு வயது. ஒரு வேளை மருந்தில் பிழைத்திருக்க வேண்டியவள். அவளைக் கொன்றது புழு என்று எந்தக் கொம்பன் வந்து சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

செய்தியை நானே ஓடிப்போய் ஆபீசில் சொன்னேன். விழாவை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். களத்தில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். நடுவில் அரக்கு முத்திரையோடு மருந்துப் புட்டி. பக்கத்தில் கிரீடம் அச்சடித்த ஒரு சான்றிதழ். இரண்டு கான்ஸ்டபிள்கள் தோட்டா இல்லாத துப்பாக்கிகளோடு விறைப்பாக நின்றார்கள். நவமணியின் கட்டிலோரத்திலிருந்து இருசப்பனை எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பிராக்கம்பிரி துரை தொப்பியைக் கழற்றினார். மொழிபெயர்க்கக் கிராணி தங்கராஜு தொண்டையைச் செருமினார்.

“நவமணி இன்று காலை காலமானதைக் குழு வருத்தத்துடன் பதிவு செய்கிறது. அவர் விசுவாசத்திலேயே காலமானார். முப்பத்தெட்டில் தொடங்கி, குழுவின் நடவடிக்கைகளால், மூன்றே வாரத்தில் பூச்சியத்தை எட்டினார். என்னுடைய எண்கூட மூன்று! இந்தத் தோட்டத்தில் பூச்சியத்தை எட்டிய முதல் பிரஜை அவர். நீங்கள் அத்தனை பேரும் அவரைப் போல் ஆகிவிட்ட நாளில் எனக்கு இங்கே வேலையே இருக்காது. அதுவரை ஓய மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.”

கைதட்டச் சொன்னார்கள். யாரும் தட்டவில்லை. உடையப்பன் மட்டும் தட்டினார்.

சான்றிதழை இருசப்பன் கையில் கொடுத்தார்கள். புட்டி உரியவருக்கு மட்டுமே, மாற்றித்தர விதியில் இடமில்லை என்று சொல்லி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இருசப்பன் காகிதத்தைப் பார்த்தார், துரையைப் பார்த்தார். அந்த மனிதருக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

“ஏன்யா, ஒரு பொம்பளைய சாகவிட்டு அதுக்குக் காயிதம் குடுக்கிறீங்களே, எங்க ரத்தத்தக் குடிக்கிறது கொடல்ல இருக்கிற புழுவா, நீங்களா? நாங்க அத்தன பேரும் செத்தாத்தான் ஒங்க கணக்கு நேராகுமா?”

துரை கிராணியின் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

தங்கராஜு ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. “அரசாங்கத்துக்குத் தன் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்கிறான், சார்,” என்றார்.

பிராக்கம்பிரி துரை மனம் நெகிழ்ந்து, அதைத் தேதியோடு குறித்துக்கொண்டார்.